சொல்லே இல்லாத பாட்டுக்கு முதற்பிரதி

நம்மூரில் புத்தகம் எழுதத்தான் படிப்பு வேண்டும். முதற்பிரதி வாங்கக் கை நீட்டத் தெரிந்தால் போதும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொல்லி, சைக்கிளில் சட்டி பானை விற்று, இன்று கல்முனைக்குடியில் நாலு கதவு வைத்த ஹாட்வெயார் நடத்துகிறவன் நான். இந்தக் கரையோரத்தில் நான் வாங்காத முதற்பிரதி கிடையாது. மேடைக்கென்று என்னிடம் ஒரே ஒரு பேச்சுத்தான் இருந்தது: "ஒவ்வொரு வரியையும் வாசித்தேன். கண் கலங்கியது." எந்தப் புத்தகத்துக்கும் அளவாகப் பொருந்தும். (சமையல் புத்தகத்துக்கும் சொல்லியிருக்கிறேன். வெங்காயப் பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள்.)

ஒருநாள் எதிர்வீட்டு அஸ்லம் கடைக்கு வந்தான். அவனும் கூட்டாளிமாரும் 'நண்டுக்கால்' என்று ஓர் இசைக்குழு வைத்திருந்தார்கள். (பேரைக் கேட்டபோது சாப்பாட்டுக் கடை என்றுதான் நினைத்தேன்.)

"மாமா, எங்கட பாட்டெல்லாம் வெளியிடப் போறம். போன்லயே கேக்கலாம். ஆனா முதற்பிரதி குடுக்காட்டி இஞ்ச ஆரும் வெளியீடு எண்டு நம்பமாட்டாங்க. அதால சீடியும் அடிச்சிரிக்கம். நீங்கதான் வாங்கணும்."

"வேற ஆரு வாங்குற?" என்றேன்.

"இது கொஞ்சம் வித்தியாசமானது மாமா. முதல்ல ஒருக்காக் கேட்டுப் பாருங்க" என்று ஓர் இறுவட்டை வைத்துவிட்டுப் போனான். அது ஆணிப் பெட்டிக்கு மேலேயே கிடந்தது.

எனக்கு அப்போது வேறு யோசனை. இளைய மகளுக்குச் சீதன வீடு கட்டி டைல்ஸும் பதித்தாயிற்று, மாப்பிள்ளைதான் பாக்கி. சாய்ந்தமருதில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவரின் மகனைப் பேசிக்கொண்டிருந்தோம். மகளுக்கும் பிடித்திருந்தது. அதிபர்தான், "படிச்ச குடும்பமா இருந்தா நல்லம்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். கலை உலகில் என் செல்வாக்கைக் கண்ணாலேயே காணட்டும் என்று அவரை விழாவுக்கு அழைத்து, முன்வரிசையில் என் பக்கத்துக் கதிரையில் இருத்தினேன்.

பொன்னாடை போர்த்தினார்கள். இறுவட்டை வாங்கிக் கமெராவுக்குக் காட்டி, ஒலிவாங்கியைப் பிடித்தேன். அதிபர் பார்க்கிறாரே என்று பேச்சைக் கொஞ்சம் நீட்டினேன். "ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். என்ன தமிழ்! என்ன குரல்! இரண்டாவது பாட்டின் கடைசி வரியில் அழுதேவிட்டேன்!"

அஸ்லத்தின் முகம் வளைந்த ஆணி மாதிரி ஆனது. கூச்சமாக்கும் என்று எண்ணி இறங்கி வந்தேன்.

பையன்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். கிட்டார் முனகியது. ட்ரம் இருமியது. நாவிதன்வெளி வயலில் தண்ணீர் இறைக்கும் மெஷின் மாதிரி ஒரு சத்தம் போய்க்கொண்டே இருந்தது. பாட்டு மட்டும் வரவில்லை.

"இன்னம் மைக் சரி பாக்காங்க போல" என்றார் பின்னால் ஒருவர்.

"இல்ல காக்கா, பாட்டுக்காரன் இன்னும் வரல்ல. காரைதீவுல பஸ் நிண்டிட்டாம்" என்று பக்கத்திலிருந்தவர் செய்தியே வாசித்தார்.

சத்தம் ஓய்ந்ததும் எல்லோரும் கைதட்டினோம். அது நடுப்பகுதியாம், மறுபடி தொடங்கியது. ஓர் ஆசிரியை மட்டும் கண்ணை மூடித் தலையாட்டி ரசித்தார். நானோ, யாராவது வாயைத் திறக்கட்டும் என்று துஆக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் அழுத இரண்டாவது பாட்டும் ஊமையாகவே முடிந்தது. கடைசி உருப்படியில் அஸ்லம் மைக்குக்கு அருகில் வாயைக் கொண்டுவந்தான். நான் நிமிர்ந்தேன். "ம்ம்ம்ம்" என்றான். முழு இறுவட்டிலும் மனிதக் குரல் அவ்வளவுதான்.

அதிபர் மெல்லச் சாய்ந்தார். "ஹாஜியார், அந்த ரெண்டாவது பாட்டுட கடைசி வரி எனக்குச் சரியாக் கேக்கல்ல. ஒருக்காச் செல்லுங்களன்."

மகளின் முகம் கண்முன் வந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை. (என் வரலாற்றில் அப்படி நடந்தது அன்றைக்குத்தான்.) "சேர், நான் கேக்கவே இல்ல. உறையக்கூடப் பிரிக்கல்ல."

அதிபர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் பொன்னாடையின் நுனியை இழுத்துக் கண்ணைத் துடைத்தார். "நான் எத்தின புத்தகத்துக்கு அட்டைய மட்டும் பாத்திட்டு அணிந்துரை எழுதிரிக்கன் தெரியுமா? இது படிச்ச ஆக்கள்ற வேல ஹாஜியார்! நீங்க நம்மட ஆள்தான். நிக்காஹ்வுக்கு நாள் பாப்பம்."

நிக்காஹ் சிறப்பாக முடிந்தது. என் பேச்சும் போனில் பரவி, 'மௌனத்திலும் வரிகளைக் கேட்ட பெரியவர்' என்று கொழும்புப் பையன்கள் புகழ்ந்திருந்தார்களாம். (நான் மறுக்கவில்லை.)

வீட்டில்தான் மரியாதை இல்லை. என் மனைவிக்குக் கோபம் வந்தால் நாள் முழுக்க வாய் திறக்கமாட்டாள். அப்போதெல்லாம் மகள் கேட்பாள்: "வாப்பா, உம்மாட கடைசி வரி விளங்கிச்சா?"

மருமகன் ஒன்றும் சொல்லமாட்டார். படித்த குடும்பம். எழுந்து வந்து, கண் துடைக்க மரியாதையாக ஒரு கைலேஞ்சியை நீட்டுவார்.