மஞ்சள் கடுதாசிக்கு முன்பணம்

திவாலாகிவிடுவது என்று தெய்வசிகாமணி தீர்மானித்துவிட்டார். சும்மா திவாலாவது இல்லை. அப்படித்தான் அவர் ஒன்றரை வருஷமாக ஆகிக்கொண்டிருக்கிறாரே. இது கோர்ட்டில் மனுப் போட்டு, நீதிபதி வாயாலேயே 'இவனிடம் ஒன்றும் இல்லை' என்று சொல்லவைத்து, முறைப்படி திவாலாவது. மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்று ஊரில் சொல்வார்களே, அது.

துணிச்சலான மனுஷன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் எடுத்த முடிவெல்லாம் பயத்தில் எடுத்ததுதான். அப்பாவுக்குப் பயந்து கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவுக்குப் பயப்பட நேரமில்லாமல் போய்விட்டது.

ரெட்டியார்பாளையத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எழுத்து மீட்டர், வெளியே வரிசை என்று நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் கீரைக்காரர் சட்டைப் பையில்கூட செல்போன் மணி அடிக்க ஆரம்பித்தது. பூத்தை பிரௌசிங் சென்டராக மாற்றினால் பிழைக்கலாம் என்று தெய்வசிகாமணிக்குத் தோன்றியது. "வேணாங்க, அதுவும் கொஞ்ச நாள்தான்" என்றாள் மனைவி அஞ்சலாட்சி. அவர் கேட்கவில்லை. பூத் லாபத்தில் வாங்கினேன் என்று சொல்லி நாலு கம்ப்யூட்டரை இறக்கினார்.

லாபமாவது ஒன்றாவது. எல்லாம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய கடன். பக்கத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் ஹாஜா பாயிடம் கொஞ்சம். உப்பளத்தில் சொல்தா இராமதாஸிடம் கொஞ்சம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அங்கத்துப் பென்ஷனில் வாழ்கிறவர் என்பதால் அவர் சொல்தா. மீதியெல்லாம் ஃபைனான்ஸ் கொளஞ்சியிடம். பிரௌசிங் சென்டரில் பரீட்சை ரிசல்ட் வருகிற அன்று மட்டும் கூட்டம் அலைமோதும். பரீட்சையோ வருஷத்துக்கு ஒரு தடவைதான் வைக்கிறார்கள்.

கொளஞ்சி திட்டுகிற ஆள் இல்லை. திட்டினாலாவது தேவலை. புல்லட்டை நிறுத்திவிட்டு வந்து, ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தலைக்கு மேல் சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பான். அரை மணி நேரம் கழித்து எழுந்து போவான். அவன் என்ன நினைத்தான் என்று தெய்வசிகாமணி அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார்.

ஆனால் கொளஞ்சி பயம் இரண்டாவது பயம்தான். முதல் பயம் முதலியார்பேட்டையில், அவர் வீட்டிலேயே இருந்தது. அஞ்சலாட்சி போஸ்டாபீஸ் ஆர்.டி. ஏஜெண்ட். வீடு வீடாகப் போய் மாசத் தவணை வாங்கிக் கட்டுகிறவள். ஊர்க்காசு அவள் பையில்தான் போஸ்டாபீசுக்குப் போகிறது. அப்படிப்பட்டவள் புருஷன் கடன்காரன் என்று ஒரு வீட்டில் தெரிந்தால் மறுநாள் எந்த வீட்டிலும் அவளிடம் தவணை கொடுக்க மாட்டார்கள். அவளுக்குத் தெரிவதற்குள் காதும் காதும் வைத்ததுபோல் திவாலாகிவிட வேண்டும்.

வக்கீல் கலைவாணன் ஆபீஸ் உப்பளத்தில் ஒரு மாடியில் இருந்தது.

"சொத்து என்னென்னா இருக்கு?" என்றார் வக்கீல்.

"ஒரு மொபெட்டு சார். நாலு கம்ப்யூட்டரு. அதுல ஒண்ணு ஆன் ஆவாது."

"வீடு?"

"சம்சாரம் பேர்ல. மாமனார் குடுத்தது."

"நல்லதாப் போச்சு. சம்சாரத்துக்கு விஷயம் தெரியுமா?"

தெய்வசிகாமணி திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தெரியக் கூடாதுன்னுதான் சார் உங்ககிட்ட வந்தேன்" என்றார்.

"கடன் குடுத்தவங்க ஒவ்வொருத்தருக்கும் நோட்டீஸ் போவும். பேப்பர்ல விளம்பரம் குடுக்கணும்."

"பேப்பர்லயா? எங்க வூட்ல பேப்பர் வாங்கறோம் சார்."

"நிறுத்திடுங்க. அப்புறம் செலவு. என் ஃபீஸு, கோர்ட்டு ஸ்டாம்பு, நோட்டீசு, விளம்பரம் எல்லாம் சேத்து எட்டாயிரம் ஆவும். ஐயாயிரம் முன்பணமா வெச்சுடுங்க."

"சார், எங்கிட்ட காசு இல்லன்னு சொல்றதுக்குத்தான் இந்த மனுவே."

"அதை வூட்ல சொன்னா ஓசி. கோர்ட்டுல சொன்னா செலவு."

"ஃபீஸை மட்டும் பாக்கி வெச்சுக்கலாமா சார்?"

"திவாலாவப் போறவருகிட்ட பாக்கி வெக்கற வக்கீல எங்கியாவது பாத்துருக்கீங்களா? அப்புறம் மனுவுல கடன் குடுத்தவங்க வரிசையில என் பேரையும் நானே எழுதணும்."

தெய்வசிகாமணி எழுந்திருக்கப் போனார். வக்கீலுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "கோர்ட்டுலயே இலவச சட்ட உதவி இருக்கு. அங்க ஒரு பைசா செலவில்ல. நல்லாவே யோசனை சொல்லுவாங்க. ஆனா, மொதல்ல சம்சாரத்தைக் கூட்டிட்டு வாங்கம்பாங்க."

"ஐயாயிரத்தைப் பொரட்டிட்டு வந்துடறேன் சார்."

புரட்டுவது என்றால் யாரிடம்? கடன் கொடுக்கக்கூடிய எல்லோரிடமும் அவர் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. சொல்தா கணக்குக் கேட்பார். கொளஞ்சியிடம் போவதைவிட ரயில்வே கேட்டில் தலையைக் கொடுக்கலாம். மனசு உள்ளவர் ஹாஜா பாய் ஒருவர்தான். ஹாஜா பாய்க்கு நாமம் போட ஹாஜா பாயிடமே ஐயாயிரம் கேட்பது எவ்வளவு பெரிய பாவம் என்று யோசித்தபடியே தெய்வசிகாமணி அவர் கடைக்குள் போய் நின்றார். கேட்டும் விட்டார்.

"எதுக்குண்ணே?" என்றார் ஹாஜா பாய்.

இதற்குப் பதில் தயார் செய்துகொண்டு வரவில்லை. பயமே முந்திக்கொண்டு பேசியது. "அஞ்சலாட்சிக்கு ஆபரேஷன்."

"அல்லா. என்னா ஆபரேஷன்?"

"வயித்துல."

ஹாஜா பாய் கல்லாவைத் திறந்து எண்ணிக் கொடுத்தார். எழுதி வாங்கவில்லை. "பழைய கணக்கு எங்கியும் ஓடிப்போவாது. மொதல்ல அண்ணியப் பாருங்க" என்றார். தெய்வசிகாமணிக்கு உடம்பெல்லாம் கூசியது. கூச்சத்தோடே மொபெட்டை ஓட்டிக்கொண்டு போய் வக்கீலிடம் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடச் சொன்னார் வக்கீல்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் புதுச் செருப்பு. உள்ளே ஹாஜா பாய் மனைவி ரோஷன் பீவி, மடியில் ஒரு தூக்குடன் உட்கார்ந்திருந்தாள். எதிரில் அஞ்சலாட்சி, நிமிர்ந்து, ரொம்ப நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க. ரோஷன் பீவி என் ஆபரேஷனப் பத்தி விசாரிக்க வந்துருக்கு."

தெய்வசிகாமணி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது அண்ணே" என்றாள் ரோஷன் பீவி. "நல்லாத்தான் இருக்கேங்குது."

"எனக்கு என்னா தெரியும் ரோஷன்? டாக்டர்கிட்டப் பேசனது அவருதான். எப்பன்னு அவரையே கேளு."

"தி... திங்கக்கிழமை."

"கேட்டுக்க. திங்கக்கிழமையாம். என்னாத்தை எடுக்கப் போறாங்களாம்?"

"கட்டி."

"எவ்ளோ பெரிசாம்?"

"ஐயாயிரம்" என்றார் தெய்வசிகாமணி.

ரோஷன் பீவி வாயில் கைவைத்துக்கொண்டாள். அஞ்சலாட்சி மட்டும் தலையை ஆட்டினாள். "அப்ப பெரிய கட்டிதான்" என்றாள்.

ரோஷன் பீவி போனாள். இதோ இப்போது, இதோ இப்போது என்று தெய்வசிகாமணி காத்திருந்தார். அஞ்சலாட்சி தூக்கைத் திறந்தாள். ஆட்டுக்கால் சூப். டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினாள். "எனக்குன்னு கொண்டாந்துது. நீங்க குடிங்க. உங்களுக்குத்தான் தெம்பு வேணும்."

அவ்வளவுதான். கேள்வி இல்லை, சண்டை இல்லை.

மறுநாளும் அவள் கேட்கவில்லை, அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டியிருப்பார். காலையில் தோசை வார்த்துப் போட்டாள். பையை மாட்டிக்கொண்டு தவணை வாங்கப் போனாள். பேப்பரை ஏன் நிறுத்தினீர்கள் என்றுகூட அவள் கேட்கவில்லை.

அதோடு போகவில்லை. கொளஞ்சி வந்தான். ஃபேனைப் பார்க்கவில்லை. "டீ சாப்டீங்களாண்ணே?" என்று சிரித்துவிட்டுப் போனான். அவனுக்குப் பல் இருப்பதே தெய்வசிகாமணிக்கு அன்றைக்குத்தான் தெரியும். உப்பளம் பக்கம் போனபோது எதிர்ச்சாரியிலிருந்து சொல்தா இராமதாஸ் கையை உயர்த்தி, "மெர்சி, மணி, மெர்சி" என்றார். கடன் கொடுத்தவர் எதற்காக நன்றி சொல்ல வேண்டும்? ஹாஜா பாய் இவரைப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, திருப்பிய மூஞ்சியில் சிரித்தார்.

மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டுவிட்டார்கள் என்று புரிந்துபோயிற்று. காலை உடைக்கப் போகிறார்கள். எந்தக் கால் என்பதுதான் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் இரண்டு கால்களையும் மாறி மாறித் தடவிக்கொண்டிருந்தார். கோர்ட்டு ஒன்றுதான் இனிக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது.

திங்கட்கிழமை வக்கீல் ஆபீஸ் மாடிப்படியைத் தாவி ஏறினார். மேல்படியில் நின்றுவிட்டார். கதவோரம் ஒரு ஜோடிச் செருப்பு. வார் பிய்ந்து, கறுப்பு நூலில் தைத்த செருப்பு. வீட்டிலிருந்து அதைக் கொண்டுபோய்த் தைத்து வாங்கி வந்தவரே அவர்தான்.

இறங்கி ஓடிவிடலாம் என்று திரும்பினார்.

"வாங்க மணி சார், உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கோம்" என்று உள்ளேயிருந்து வக்கீல் கூப்பிட்டார்.

அஞ்சலாட்சி நாற்காலியில் இருந்தாள். ஆர்.டி. பை மடியில் இருந்தது. "உக்காருங்க. ஆபரேஷனுக்கு வந்துருக்கீங்க, நின்னுக்கினே பண்ண முடியுமா?"

உட்கார்ந்தார். "உனக்கு எப்டித் தெரியும்?"

"வக்கீல் சார் சம்சாரம் நிர்மலா எங்கிட்டதான் ஆர்.டி. கட்டுது. மூணு மாசமா பாக்கி. போன வாரம் அஞ்சு ஐநூறா எடுத்துக் குடுத்துது. என்னா நிர்மலா திடீர்னுன்னேன். சாருக்கு ஒரு திவால் பார்ட்டி வந்துருக்குன்னுது. யாருன்னேன். பேர் தெரியலக்கா, பொண்டாட்டின்னா அப்பிடி நடுங்கறாராம்னுது. அப்புறம் நான் எதுக்குப் பேரு கேக்கணும்?"

வக்கீல் மேஜையில் இல்லாத ஒரு பேனாவைத் தேடினார்.

"நேரா இலவச சட்ட உதவிக்குப் போனேன்" என்றாள் அஞ்சலாட்சி. "செலவில்லாம எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தாங்க. அப்புறம் கொளஞ்சியப் பாத்தேன். தம்பி, எங்க வூட்டுக்காரர் மஞ்சக் கடுதாசி குடுக்கப் போறாரு. நீ கோர்ட்டுக்கு வரணும், வக்கீல் வெக்கணும், வருஷக்கணக்கா நடக்கணும், கடைசியில உனக்கு ஆன் ஆவாத கம்ப்யூட்டருல ஒரு பங்கு வரும். இல்லன்னா இப்பவே பாதி வாங்கிக்கன்னேன். கைய நீட்டிட்டான். சொல்தாவும் அப்டித்தான்."

"ஹாஜா பாய்?"

"அவருக்கு முழுசாக் குடுத்துட்டேன், அந்த ஐயாயிரத்தோட சேத்து. என் உசுருக்குன்னு கேட்டதும் எண்ணிக் குடுத்த மனுஷன். அவருகிட்டப் பாதி பேசுவேனா?"

"காசு?"

"என் கமிஷன். இத்தினி வருஷமா சேத்தது."

தெய்வசிகாமணிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் பயந்தது இந்த மகராசிக்கா? கையெடுத்துக் கும்பிட்டால்கூடத் தகும் என்று நினைத்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது.

"அப்ப நமக்கு இனிமே கடனே இல்ல" என்றார்.

"எனக்கு இல்ல."

"எனக்கு?"

"நீங்க எழுதிக் குடுத்த புரோநோட்டு மூணையும், பின்னால அவங்ககிட்டக் கையெழுத்து வாங்கி என் பேருக்கு மாத்திட்டேன். இனிமே நீங்க எனக்குத்தான் குடுக்கணும்."

இறங்கிய பாறை பாதி வழியில் நின்றது. "சரி, சரி. கொளஞ்சி, சொல்தா நோட்டைப் பாதிக்குத்தானே வாங்கன. நான் பாதி குடுத்தாப் போதும்ல?"

"பாதிக்கு வாங்கனது என் சாமர்த்தியம். முழுசுக்கு எழுதிக் குடுத்தது நீங்க. வட்டி எவ்ளோன்னும் நீங்களே எழுதியிருக்கீங்க. ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி குடுத்துடுங்க. கொளஞ்சி மாதிரி நான் அரை மணி நேரத்துல எழுந்து போவ மாட்டேன். ஒரே வூடு."

கொளஞ்சியிடமிருந்து தப்பிக்க ரெட்டியார்பாளையத்தில் பின்பக்கச் சந்து ஒன்று இருந்தது. இவளிடமிருந்து தப்பிக்க எந்தச் சந்து இருக்கிறது? பயம் உச்சிக்கு ஏறி, அங்கே கொஞ்சம் தைரியம் மாதிரி ஆனது. நாற்காலியை வக்கீல் பக்கம் திருப்பினார்.

"சார், மனுவைப் போட்டுடுங்க. கடன் குடுத்தவங்க பேரை மட்டும் மாத்தி அஞ்சலாட்சின்னு எழுதிக்குங்க."

"மன்னிச்சுக்கங்க மணி சார். நீங்க வேற வக்கீல்தான் பாக்கணும். காலையிலேர்ந்து நான் அம்மாவுக்கு வக்கீல்."

"அவ எப்ப சார் உங்களுக்கு ஃபீஸ் கட்டனா?"

"அவங்க எதுக்குக் கட்டணும்?" என்றார் வக்கீல். "அதான் நீங்க முன்பணம் குடுத்துருக்கீங்களே."