கிளியம்மாள் வீட்டுப் புகைக்குழாய்

இதை எனக்கு முதலில் சொன்னது பீர்க்கன்கரணை கங்கையம்மாள். எண்பத்தேழாம் வருஷம், ஆடி வெள்ளிக்கிழமை, கோயிலில் கூழ் வாங்க நிற்கும்போது சொன்னாள்.

அவள் பக்கத்து வீட்டுக் கிளியம்மாளின் மூன்று வயசுக் குழந்தை பாப்பாவுக்கு ஓயாத இருமல். அடுப்புப் புகைதான் காரணம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தெருப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. சங்கமாகக் கூடி, ஏரிக் களிமண்ணைக் குழைத்து, வீட்டுக்கு ஒன்றாகப் பதினாலு புகையில்லா அடுப்பு போட்டார்கள். புகையைக் கூரைக்கு மேலே விடும் குழாய்தான் பாக்கி. அது வரும்வரை புகை வீட்டுக்குள்ளேதான்.

குழாயை அரசாங்கம் இனாமாகத் தரும். ஆனால் மேற்படி இல்லத்தில் புகை உண்டு என்று அதிகாரி திருவாளர் தாமோதரன் நேரில் கண்டு சான்றளிக்க வேண்டும். அவர் வந்தார், சுவரைத் தடவினார். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது.

"என்னம்மா, கரியே காணோம்?"

"பொங்கலுக்கு வெள்ளை அடிச்சோம் சார்."

"கரி இல்லேன்னா புகை இல்லே. புகை இல்லாத வீட்டுக்குப் புகைக்குழாய் எதுக்கு?"

"கொழந்த இருமிக்கினு கீதே, காதுல விழலியா சார்?"

"இருமல் சுகாதார இலாகா. நமக்குச் சுவர்தான். நல்லா கரி பிடிக்க விட்டு, ஆறு மாசம் கழிச்சு மனு போடுங்க."

கிளியம்மாள் அம்மனை நினைத்துக்கொண்டாள். பாப்பாவைக் கங்கையம்மாள் இடுப்பில் ஏற்றி வெளியே அனுப்பினாள்.

"இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க சார். உள்ள குந்துங்க."

ஈரத் தென்னமட்டையை வைத்து ஊதினாள். காபி கொதிப்பதற்குள் சாருக்குக் கண்ணிலும் மூக்கிலும் காவேரி. 'புகை உண்டு, கண்டேன்' என்று பதினாலு விண்ணப்பத்திலும் கண்ணை மூடிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்.

குழாய் வந்தது. அடுப்பில் பொருத்தி, அடுப்புக்கும் மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினார்கள். பின்னாலேயே தாக்கீதும் வந்தது: மேலதிகாரிகள் எந்நேரமும் பார்வையிடக்கூடும், அடுப்பைத் தூய்மையாகப் பராமரிக்கவும்.

"கரி புடிச்சா கழட்டிக்கினு பூடுவானுங்கடி!" என்றாள் கிளியம்மாள். சங்கமே ஆமாம் என்றது.

அன்றிலிருந்து பதினாலு வீட்டிலும் சமையல், பின்பக்கத்துக் கீற்று மறைப்பில், மூன்று கல்லைக் கூட்டி. பாப்பா அங்கேதான் உட்கார்ந்து இருமுகிறாள். வரும் அதிகாரிகள் புது அடுப்பைத் தடவிப் பார்த்து, 'துளிக் கரியில்லை, திட்டம் மகத்தான வெற்றி' என்று எழுதிப் போகிறார்கள்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் கிளியம்மாளிடம் ஒரு டீ கேளுங்கள். அதைப் பொட்டு வைத்த அடுப்பிலேயே போடச் சொல்லுங்கள்.