பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது?

பேச்சாளரைக் காணோம்.

கூடாரத்துக்குள் எள் போட்டால் எள் விழாது. ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்து, பாட்டு, நாடகம், அறிவுப் பேச்சு என்று ஒரு வாரம் நடத்தும் சபை அது. கடைசி நாளான இன்று, ‘பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது?’ என்று பேசவேண்டிய பேராசிரியர் பஸ்ஸைத் தவறவிட்டாராம். சபை மேனேஜர் இதைச் சாவகாசமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வரவேற்புக் குழுத் தலைவரான டெய்லருக்கு வியர்த்துக் கொட்டியது. அடுத்த வருஷம் இந்த வட்டாரத்தில் ஒரே ஊருக்குத்தான் கூடாரம் வரும். எந்த ஊர் என்பதைக் கடைசி நாள் கூட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். போட்டிக்கு நிற்பது பக்கத்து ஊர். அந்த ஊரில் இரும்புக்கடை வைத்திருக்கும் அவருடைய மச்சான் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன மாப்ளே, ஆளைக் காணோம்?”

“பெரிய மனுஷங்க லேட்டாத்தான் வருவாங்க மச்சான்.”

வரவேற்புரையை இழுத்துச் சமாளிக்கலாம் என்று டெய்லர் மேடையேறினார். சபையின் வரலாற்றை எடுத்துவிட்டார்.

“முதல் வருஷம் சபை வந்தப்போ, அறிவுத் தாகத்தோட ஊரே திரண்டுது!”

“பொய்!” என்றார் பால்காரம்மா. “சர்க்கஸ்னு நினைச்சுப் போனோம். புலி எங்கேன்னு கேட்டதே நீங்கதான்!”

கூடாரமே சிரித்தது.

“அடுத்த வருஷம் புயல்ல கூடாரம் சாஞ்சப்போகூட…”

“புயலா? கூடாரக் கயித்துல மாட்டைக் கட்டினது யாரு?” கேட்டது அவருடைய சொந்த மனைவி. மச்சான் தன் தங்கையைப் பெருமையோடு பார்த்தார்.

வரலாறும் காலை வாரிவிட்டதால், “பேராசிரியர் வர்றதுக்குள்ள, தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து பேசலாம்” என்று டெய்லர் சொல்லித் தொலைத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

இடுகாட்டில் குழி வெட்டுகிறவர் விறுவிறு என்று ஏறினார்.

“ஆறடி வரைக்கும் என்னைக் கேளுங்க.”

மேல்மண், களிமண், ஈரம் தேடி வரும் வேர் என்று அருமையாகத்தான் பேசினார். யார் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்ததும் டெய்லர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“சரி, அதுக்குக் கீழே கிணறு வெட்டுறவரைக் கேளுங்க” என்று சொல்லிவிட்டுக் குழி வெட்டுகிறவர் இறங்கினார்.

கிணறு வெட்டுகிறவர் வந்து பாறையையும் ஊற்றையும் பற்றிச் சொன்னார்.

“அதுக்கும் கீழே?” என்றது கூட்டம்.

“கயிறு பத்தல.”

வகுப்புக்கு வெளியே வாயே திறக்காத பள்ளிக்கூட டீச்சர் எழுந்தார். “அங்கேயிருந்து நான் சொல்றேன்” என்று கொதிக்கும் பாறைக்குழம்பு வரைக்கும் கூட்டத்தை இறக்கிவிட்டார். இருமியவரைப் பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள்.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. “எங்க ஊர்க் கிணறு இதைவிட ஆழம்!” என்று மேடைக்குத் தாவினார்.

“அதை வெட்டினதும் நான்தான்” என்றார் கிணறு வெட்டுகிறவர்.

தீர்ப்புச் சொல்ல நாலைந்து பேர் ஏறினார்கள். அவர்களை இறக்க இன்னும் நாலைந்து பேர் ஏறினார்கள். பலகை முறிந்து மேடை ஒரு பக்கமாகச் சரிந்தது.

‘தொலைந்தது! மேடையை உடைத்த ஊருக்கு எவன் வருவான்?’ என்று டெய்லர் தலையில் கைவைத்தார். அப்புறம்தான் கவனித்தார். ஒருத்தர்கூட வீட்டுக்குப் போகவில்லை. சரிந்த மேடையைச் சுற்றி நின்று டீச்சரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூடாரம் வந்தாலும் வராவிட்டாலும் இது என் ஊர் என்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மேனேஜர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். டெய்லர் ஓடினார்.

“மேடையை நாங்களே சரிபண்ணிடறோம் சார். பேராசிரியர் வந்தா அவர்கிட்டயும் நானே மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

மேனேஜர் சிரித்தார். பக்கத்தில் கூடாரத்துக்கு முளை அடிக்கிறவர்தான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“அப்படி ஒரு பேராசிரியரே கிடையாதுங்க, ஊர்க்காரங்க தாங்களே எழுந்து பேசுறாங்களான்னு பார்க்கத்தான் இந்த வருஷம் எல்லா ஊர்லயும் இதையே சொல்றோம், போன வாரம் உங்க மச்சான் ஊர்ல அஞ்சே நிமிஷத்துல கூடாரம் காலி!”