ராசிங்காபுரத்திலிருந்து முதல் அழைப்பு

உள்ளூர் கேபிள் டிவிக்காரர்கள் வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேரலையில் வரும் முதல் போன் எப்போதும் எங்கள் வீட்டு ஆளுடையதுதான். (ஒருத்தரும் கூப்பிடாவிட்டால் மானம் போய்விடுமே!)

அன்றைக்கு எங்கள் போடி சேனலில் இரண்டு விருந்தினர்கள். ஒருவர் ராக்காயி அக்கா. ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு வார விடுமுறை கேட்டு, போடிமெட்டு ரோட்டில் ஆள் ஏற்றிப்போகும் தோட்டத்து ஜீப்புகளை மறித்து, ஜெயிலுக்கும் போய், கடைசியில் வாங்கியும் கொடுத்தவர். இன்னொருவர் மலைக்குப் படப்பிடிப்புக்கு வந்திருந்த நடிகை. பேட்டி எடுப்பது நான். "இது மட்டும் நல்லா வந்துச்சுன்னா தெனமும் நீதான்டா" என்று முதலாளி சொல்லியிருந்தார். நான் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

பக்கத்து ஊரான ராசிங்காபுரத்து ரசிகை மாதிரிப் பேசி, நடிகைக்குப் பிடித்த சாப்பாடு எது என்று கேட்கும்படி என் மனைவி செல்வியிடம் சொல்லி வைத்திருந்தேன். "சரி சரி, எனக்குச் சோலி கெடக்கு, போங்க" என்றாள். அந்தக் குரலிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நிகழ்ச்சியில் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "வாரத்தில் ஒரு நாள்கூட ஓய்வு தராதவர்களை என்னக்கா செய்வது?" என்று கேட்டேன். போன் அடித்தது.

"ராசிங்காபுரத்துல இருந்து பேசுறேன். ராக்காயி அக்காட்டத்தேன் கேக்கணும். தோட்டத்துக்கு லீவு வாங்கிக் குடுத்தீக. அடுப்படிக்கு எப்பக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லைனைத் துண்டிக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். கேமராக்காரன் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

"வீட்டுக்காரரு ஒத்தாச பண்ண மாட்டாராம்மா?" என்றார் ராக்காயி அக்கா.

"ஞாயித்துக்கெழமையும் கறிக்கொழம்பு கேப்பாரு. வெங்காயம் உரிச்சுக் குடுங்கன்னா, கண்ணு செவந்துட்டா டிவில மூஞ்சி நல்லாருக்காதும்பாரு."

"டிவியிலயா? யாருங்க அது?" என்று நடிகை கேட்டார்.

"ஒங்க எதுக்கதேன் உக்காந்துருக்காரு. நீலச் சட்ட. காலையில நாந்தேன் தேச்சுக் குடுத்தேன்."

போடி முழுக்க என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நடிகை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ராக்காயி அக்கா சிரிக்கவில்லை. தோட்ட முதலாளிகளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"தம்பி, இனிமே ஞாயித்துக்கெழம ஒங்க வீட்ல யாரு சமையலு? இங்கனயே சொல்லிருங்க. இல்லன்னா ஆளுகளோட வந்து ஒங்க வாசல்ல உக்காந்துருவோம்."

"நா... நான்தான்க்கா."

"கேட்டுக்கிட்டியாம்மா?" என்றார் அக்கா, போனைப் பார்த்து.

ஊரே அதைப் பற்றிப் பேசியதில் முதலாளிக்கு ஏக சந்தோஷம். தினமும் எனக்கு நிகழ்ச்சி கிடைத்தது, ஞாயிறு மட்டும் கிடையாது. இப்போதும் ஞாயிறு காலையில் கண்ணீரோடு நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கும். கூடத்தில் கால் நீட்டி டிவி பார்த்தபடி செல்விதான் பேசுவாள்.

"ராசிங்காபுரத்துல இருந்து பேசுறேன். காப்பி என்னாச்சுங்க?"