சொல்லாமல் போகும் பந்தல் அண்ணை

உடுவில் பக்கத்தில் பந்தல் அண்ணை வாடகைக் கதிரை இறக்காத கலியாணவீடும் இல்லை, செத்தவீடும் இல்லை. யமனே வருவதற்கு முதல், கதிரை கைவசம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டிருப்பான்.

அந்த அண்ணைக்கே குடலில் புற்றுநோய் வந்தது. என் அம்மாவுக்கு மார்பில். புதன்கிழமைகளில் ஆசுப்பத்திரியில் ஒரு தாதி மிஸ் நோயாளிகளை வட்டமாக இருத்தி, மனதில் கிடப்பதைக் கதைக்கச் சொல்வார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு நானும் போவேன். வீட்டில் நாங்கள் இருவர்தான். வருத்தம் தெரிந்த நாளிலிருந்து அம்மா என்னோடு கூட வாய் திறக்கவில்லை.

முதல் நாளே அண்ணை வட்டத்தில் பிழை பிடித்தார். இப்படிப் போட்டால் மாப்பிள்ளை பகுதி எது, பொம்பிளை பகுதி எது என்று மிஸ்ஸிடம் கேட்டார். ஆசுப்பத்திரிக் கதிரைகளின் கால் ஆடுகிறதென்று, அடுத்த கிழமை தன் சிவப்புக் கதிரைகளை லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு, ஊரெல்லாம் டக்டக்கென்று அதிர வந்து இறங்கினார்.

ஓர் அக்கா இருக்க மறுத்துவிட்டார்.

"உது செத்தவீட்டுக் கதிரை எல்லே?"

அண்ணை கதிரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கடைசியாச் சாமத்தியவீட்டுக்குத்தான் போனது, அக்கா. பயப்பிடாமல் இருங்கோ."

பிறகென்ன, எல்லோருக்கும் நல்ல வீட்டுக் கதிரைதான் வேண்டும். எல்லாம் ஒரே சிவப்பு. அண்ணை ஒவ்வொன்றுக்கும் ஒரு கலியாணத்தைக் கட்டிவைத்தார்.

"எனக்கு, அண்ணை?"

கேட்டது அம்மா.

"உனக்கு லண்டன் மாப்பிள்ளையின்ரை கதிரை, தங்கச்சி."

அம்மா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் அம்மாவின் கதையை நிற்பாட்டத்தான் மிஸ் பாடுபட்டார்.

அண்ணையிடம் ஒரு குறை. கூட்டம் முடிந்தால் சொல்லாமலே எழும்பிப் போய்விடுவார். செத்தவீட்டில் யாரும் "போட்டு வாறன்" என்று சொல்வதில்லை. அங்கே திரும்பி வருவது நல்லதல்லவே. தொழிலில் பழகிய வாய்.

"நாங்கள் இன்னும் சாகேல்லை, அண்ணை. சொல்லிப்போட்டுப் போங்கோ" என்பார் அம்மா. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நழுவுவார்.

அம்மா போனபோது பந்தல் போட்டதும் அவர்தான். எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்ததும் சொந்தக்காரர் ஒவ்வொருவராகச் சொல்லாமல் போனார்கள். குசினி வாசலில் நான் நின்றேன். கதிரைகளை ஏற்றிய அண்ணை, வாசல் படலை வரை போய்த் திரும்பினார்.

"பிள்ளை, போட்டு வாறன்."

மிஞ்சியிருந்த மாமி அதைக் கேட்டுவிட்டார். இத்தனை வருசத் தொழிலில் பந்தல்காரன் விட்ட பிழையைப் பார் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

புதன்கிழமை படலையில் டக்டக் சத்தம். நோய் வருத்தம் இல்லாத எனக்கு ஆசுப்பத்திரி வட்டத்தில் என்ன வேலை என்று கேட்டேன்.

"கதிரை ஒண்டு சும்மா கிடக்குது. ஏறு."

ஏலாமல் படுக்கும்வரை ஒவ்வொரு புதனும் வந்தார்.

அவருடைய செத்தவீட்டிலும் அதே சிவப்புக் கதிரைகள்தான். எல்லோரையும் போலச் சொல்லாமல் எழும்பத்தான் பார்த்தேன். வாய் கேட்கவில்லை, "போட்டு வாறன், அண்ணை" என்று வந்துவிட்டது. மாமி என் கையில் கிள்ளினார்.

புதன்கிழமைகளில் ரோட்டில் யாருடைய லாண்ட்மாஸ்டர் போனாலும், இன்னும் நான் செருப்பைப் போட்டுவிடுகிறேன்.