அரைப்பேருக்கு அரை ரொட்டி

கொட்டகலை,
1962 டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் பழனியாண்டி அவர்களுக்குத் தங்கள் தங்கை புருஷன் மெய்யப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது:

தாங்களும் வீட்டாரும் கொழும்பு வெயிலில் வாடாமல் சுகமாக இருக்கக் கதிரேசன் துணை நிற்கவேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன்.

ஆயுசில் பாதியைத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை வேலையில் கழித்துவிட்டு, முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு சும்மா கிடந்தவனை, லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் டவுன் தொழிற்கல்லூரிக்குப் போகிறார்கள், தங்கிப் படிக்க இடமில்லை, நீங்கள் கவனித்துக்கொண்டால் நம்ம ஜனத்துக்கே ஒரு விடிவு என்று எழுதி, உங்கள் கொழும்புச் சங்கத்து விடுதிக்குப் பொறுப்பாக வைத்தது நீங்கள். ஒரே காம்பராவில் அப்பா, அம்மா, தம்பி தங்கை, கோழி எல்லாரோடும் ஒரு குப்பிவிளக்கில் ஒரு பிள்ளை என்னத்தைப் படிக்கும் என்று நானும் மனசார நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன், அதுதான் வேதனை. தோட்டத்துத் துரையும் உரம் அடுக்கியிருந்த பழைய பங்களாவை ஒரு வருஷத்துக்குத் தந்தார். வருஷக் கடைசிப் பரீட்சையில் ஒருத்தராவது பாஸானால் வீடு பிள்ளைகளுக்கு, இல்லாவிட்டால் மறுபடி உரத்துக்கு என்பது பேச்சு. உர நாற்றம் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. அது நம்மை நம்பாமல் இங்கேயே காத்திருக்கிறது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

வந்தது மூன்று பேர். அக்கரப்பத்தனைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மூக்கனின் மகள் பூரணி, தட்டெழுத்து படிப்பதற்கு. அவள் உங்கள் தங்கையோடு உள்ளறையில் படுத்துக்கொள்வாள். கணக்குப் படிக்க ஆண்டியப்பன். பொகவந்தலாவைக் கடைக்காரர் மகன் பைஸர், அவனும் கணக்குத்தான். முதல் மாசமே கல்லூரிப் பிரின்சிபல் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மூன்று பேரும் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து வாயே திறப்பதில்லையாம். புரிந்ததா என்று கேட்டாலும் தலையாட்டுகிறார்கள், புரியவில்லையா என்று கேட்டாலும் அதே தலையாட்டல்தானாம். டவுன் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ஆட்களிடம் வேலை வாங்கத் தெரியாதவனா நான் என்று ஒரு வேகம் வந்தது. அந்த வேகம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மறுநாள் விடியலில் ஒரு பழைய உரத்தகரத்தைத் தட்டி, தோட்டத்து ஆளெடுப்புப்போலப் பெரட்டு வைத்தேன். மூன்று பேரையும் வாசலில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டேன். கொழும்புக்குப் போய் நீங்கள் மறந்திருக்கலாம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், பிந்தி வந்தால் அரைப்பேர், சம்பளமும் பாதி. இந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளம் ஏது? ஆகவே அரைப்பேருக்கு அரை ரொட்டி என்று சட்டம் போட்டேன். அதைக் கேட்டதும் உங்கள் தங்கை ரொட்டித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "படிக்கிற புள்ளைக்கு அரை ரொட்டியா? சரி, சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே. எனக்கு முந்தி நீங்க என்னிக்கு எந்திரிச்சீங்க?" என்றாள். அன்றிலிருந்து எனக்கும் அரை ரொட்டிதான். பிள்ளைகளுக்கு அவள் மறைவாக மீதிப் பாதியைக் கொடுத்துவிடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். எனக்கு மறைவாகக் கொடுக்க யாரும் இல்லை.

அதோடு விட்டேனா? கொழுந்து நிறுப்பதுபோலப் படித்த பக்கங்களையும் காலை, மத்தியானம், மாலை என்று எண்ணி எடுத்தேன். பக்கங்கள் குவிந்தன. ஆண்டியப்பன் கணக்குப் புத்தகம் முழுவதையும் ஒரு கிழமைக்குள், ஏழே நாளில் முடித்துவிட்டான். பெருமையாக இருந்தது. "தேய்மானம்னா என்னப்பா?" என்று கேட்டேன். "அது நடுவுல, இடது கைப் பக்கம், மேல இருந்து ரெண்டாவது பத்திங்க ஐயா" என்றான். "அங்க என்ன போட்டிருக்கு?" என்றேன். "அத நீங்க கேக்கவே இல்லீங்களே. எத்தன பக்கம்னுதானே கேட்டீங்க" என்றான். நிறையைக் கூட்டுவதற்கு முற்றின இலையைச் சேர்த்துப் பறிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் அதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது பூரணி மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். மூன்று மடியிலும் மூன்று மூடின புத்தகம். "அரைப்பேர நிப்பாட்டணும், பக்கம் எண்ணுறத நிப்பாட்டணும், அதுவரைக்கும் தொறக்க மாட்டோங்க" என்றாள். வேலைநிறுத்தம், மச்சான், படிப்பு நிறுத்தம். கடைக்காரர் மகன் உனக்கு இதில் என்னடா என்று பைஸரைக் கேட்டேன். "வாப்பாட கடையில ஸ்ட்ரைக்கே வாறதில்லங்க ஐயா, இங்கதான் ஒரு சந்தர்ப்பம் கெடச்சிச்சு" என்கிறான். மத்தியானம் அடுக்களைக்குப் போனால் அடுப்பு அணைந்து கிடக்கிறது. உங்கள் தங்கை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பூரணி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் தொழிற்சங்கப் பிரதிநிதி அழகுமுத்துவை நானே கூப்பிட்டேன். வந்தார், தேத்தண்ணி குடித்தார், என்னை "நிர்வாகம்" என்று அழைத்தார். பரீட்சைக்கு முதல்நாள் எல்லாக் கோரிக்கைக்கும் நான் தலையாட்டிவிட்டேன். ஆனால் ஒப்பந்தம் டைப் அடித்துக் கையெழுத்தாகும்வரை போராட்டம் தொடரும் என்று சொல்லிவிட்டு, வேறு தகராறு பார்க்கப் பொகவந்தலாவைக்கு பஸ் ஏறிவிட்டார்.

பரீட்சை நாள் காலையில் கேட்டுக்கு வெளியே தப்புச் சத்தம். போய்ப் பார்த்தால் மூக்கனும் அவருடைய லயத்து ஜனமும் மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் போராடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேலையை விட்டு ஆதரவுக்கு வந்திருக்கிறார்கள். பூரணி சலவைப் பாவாடையும் கையில் பேனாவுமாகக் கதவருகே நின்றுவிட்டாள். "போம்மா, நேரமாச்சு" என்றேன். "அப்பா எங்களுக்காக இன்னிக்குப் பேர விட்டுட்டு மழையில குந்தியிருக்காரு. அவரத் தாண்டி நான் எப்படிங்க ஐயா போவேன்? கருங்காலின்னு சொல்ல மாட்டாங்களா?" என்று அழுதாள். கேட்டுக்கு ஓடி, எல்லாம் ஒப்புக்கொண்டாயிற்று, கலைந்து போங்கள் என்றேன். "வாயால சொன்னத எந்தக் காலத்துல நாங்க நம்புனோம், கணக்கப்பிள்ளை?" என்றார் மூக்கன். இன்று பரீட்சை என்று நான் சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. "பரீட்சையா? இன்னிக்கா? ஏம் புள்ள, சொல்லலையே நீ" என்று எழுந்து, அத்தனை ஜனமுமாகத் தப்படித்துக்கொண்டே மூன்று பேரையும் ரோட்டுக்குக் கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்த பஸ்ஸும் ஒரு தேயிலை லொறிக்குப் பின்னால் ஊர்ந்துதான் போனது.

சாயங்காலம் மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். என்னம்மா ஆச்சு என்றதற்கு, "ஒண்ணுமில்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் பூரணி உள்ளே போய்விட்டாள். பரீட்சை போய்விட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. போராட்டச் செய்தி துரையின் காதுக்கும் எட்டியதோ என்னவோ, நேற்று தோட்டத்து லொறி வந்து உரமூட்டைகளை நம் வராந்தாவில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. மச்சான், இந்தப் பிள்ளைகளை நான்தான் கெடுத்தேன். எனக்குத் தோட்டத்தை விட்டால் வேறொன்றும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. தயவுசெய்து என்னை விடுவியுங்கள். வேறு ஆள் பார்ப்பதும் வீண். வீட்டை உரத்துக்கே கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும் சொல்லவும். அவர்களாவது கொழும்பிலேயே படிக்கட்டும்.

இப்படிக்கு,
எதற்கும் லாயக்கில்லாத,
மெய்யப்பன்

பி.கு.: தபாலில் போடுகிறேன் என்று வாங்கிப்போன உங்கள் தங்கை இதை மாசிக் கருவாட்டுப் போத்தலுக்கு அடியில் வைத்திருந்து, பரீட்சை முடிவு வந்த இன்றைக்குத்தான் திருப்பிக் கொடுத்தாள். பூரணி பாஸ். பைஸரும் பாஸ். ஆண்டியப்பன் பாதிப் பாடங்களில் பாஸ். அதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அன்றைக்குப் பிந்திப் போனதால் கல்லூரிக் கதவு சாத்தியிருந்ததாம். மூன்று பேரும் படியில் உட்கார்ந்துவிட்டார்களாம். வருஷம் முழுக்க வாய் திறக்காத பூரணி எழுந்து நின்று, "பஸ் பிந்துனது எங்க குத்தமில்லீங்க சார். வினாத்தாள் குடுக்குற வரைக்கும் எந்திரிக்க மாட்டோம்" என்று பிரின்சிபலிடம் சொன்னாளாம். பைஸர் அதையே சிங்களத்திலும் சொன்னானாம். அவர் கடைசியில் திங்கட்கிழமை தனியாக எழுத விட்டிருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், பேச்சுவார்த்தை நடக்கும்போது நிர்வாகத்துக்குச் சொல்லக்கூடாது என்று தீர்மானம் போட்டார்களாம். வேறு ஆள் பார்க்க வேண்டாம். முத்திரை ஒட்டியாகிவிட்டதால் அனுப்புகிறேன், மேலே எழுதியிருப்பதைப் படித்திருந்தால் மறந்துவிடவும். உரமூட்டைகளை ஏற்றிப்போக லொறி வந்திருக்கிறது. இன்று காலை எனக்கு முழு ரொட்டி கிடைத்தது.