பித்தளையாரும் குழாய்க்காரரும்

வீட்டுக்கு வருகிறவர்களை வதைப்பவர்களில் பல ரகம் உண்டு. பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டுபவர்களிடமிருந்து தப்பிவிடலாம். மூட்டுவலிக்காரர்களிடமிருந்தும்கூடத் தப்பலாம். கூடத்தில் பழைய பித்தளைச் சாமி மாடத்தையும், வாயில் அதன் புராணத்தையும் வைத்திருக்கிறாரே ஒருவர், அவரிடம் மாட்டினால் அதோகதிதான்.

நம் பித்தளையார் அந்த இனம். பெயர் வைத்தது மைத்துனர். அதன்பின் அவர் இந்தப் பக்கம் வருவதில்லை. மாடம் முழங்கால் உயரம். முகப்பு வளைவில் தேவர்களும் அசுரர்களும் கட்டைவிரல் அளவில் நின்று, வாசுகிப் பாம்பைப் பிடித்துப் பாற்கடலைக் கடைகிறார்கள். நீங்கள் செருப்பைக் கழற்றக் குனிந்து நிமிர்வதற்குள் உங்கள் கையில் பூதக்கண்ணாடி இருக்கும். "களிம்பைத் தொட்டுடாதீங்க, அதுதான் அதோட வயசு" என்பார். குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பாருங்கள். "இருங்க, ஆமை வந்துடட்டும்" என்பார். மலை மூழ்கினால்தானே ஆமை வரும்?

ஆனால் மனுஷருக்கு ஒரு தீராத ஏக்கம். கதையை அமுதம் வரை கேட்டவர் ஒருவரும் கிடையாது. பாம்பு விஷம் கக்கும் இடத்தில் எல்லாருக்கும் வீட்டில் அடுப்பை அணைக்காதது ஞாபகம் வந்துவிடும். தபால்காரர் ஆமையோடு சரி. சொந்தத் தம்பியே மந்தர மலையில் நழுவிவிட்டான்.

இந்த நிலையில் ஒருநாள் அடுக்களைக் குழாய் மூட்டு கழன்று கொட்டியது. மனைவி துணியை வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றாள். பையோடு வந்த குழாய்க்காரர் கூடத்தில் ஒரு தப்புச் செய்தார்.

"இது என்ன சார், கயிறு இழுக்கிற போட்டியா?"

பித்தளையாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தானாக வாய்திறந்து கேட்ட முதல் மனிதர். குழாயாவது ஒன்றாவது. தோளைப் பிடித்து உட்காரவைத்து, மத்தாக வந்த மலை, முதுகு கொடுத்த ஆமை என்று கடைய ஆரம்பித்துவிட்டார்.

"அப்புறம் சார்?"

ஆகா, இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை நாள் தவம் கிடந்தார்.

"பாம்பு விஷத்தைக் கக்கிடுச்சு. சிவன் எடுத்து விழுங்கிட்டார். அது உள்ளே இறங்காம அவர் தொண்டையை இறுக்கிப் பிடிச்சது யாரு தெரியுமா?"

"பார்வதி," என்றது அடுக்களைக் குரல். "எனக்குக் கை வலிக்குதுங்க."

"பார்த்தீங்களா, அவளுக்கும் இதுல ஈடுபாடு அதிகம்."

குழாய்க்காரர் எழுந்தார். அமுதம் இதோ, கைக்கு எட்டும் தூரத்தில். பித்தளையார் விடுவாரா? சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்க தம்பி. யானை வந்துச்சு, குதிரை வந்துச்சு, லட்சுமி வந்தாங்க..."

தண்ணீர் வந்தது. கூடம் முழுக்க வந்தது. பின்னாலேயே மனைவி சொட்டச் சொட்ட வந்து, பையிலிருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கொட்டுகிற சத்தம் நின்றது. நாற்காலிமேல் காலை மடக்கி வைத்துக்கொண்டு பித்தளையாரும் அமுதக் கலசத்தை வெளியே எடுத்துவிட்டார். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சிரிக்கிறீர்களே, அந்த அம்மாவின் கை என்னவாயிற்று என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? அமுதம் யாருக்குக் கிடைத்தது என்றுதானே காத்திருந்தீர்கள்? போகட்டும். ஆமை வந்த இடத்திலேயே, "அது அப்படியில்லையே, நான் சொல்றேன் கேளுங்க" என்று உங்களுக்கு நாக்கு துறுதுறுத்திருந்தால், எழுந்துபோய் வீட்டுக் குழாய்களை ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.